வண்டியை நிறுத்தாத ஞாயிறு

எங்கள் கோவில் பங்கில் நற்கருணைப் பணியாளர்கள் மூன்று பேர். அதில் நான் ஒருவன். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் ஃபாதர் சின்னச் சிமிழில் நற்கருணையை, ஆண்டவரின் உடலாகிய அந்த அப்பத்தை, வைத்து எங்கள் கையில் கொடுப்பார். கோவிலுக்கு வர முடியாமல் படுத்திருக்கிறவர்களின் வீடுகளுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வர வேண்டும். எனக்கு ஒதுக்கியிருப்பது அரூரிலிருந்து சித்தேரி போகிற ரோட்டில் இருக்கும் நான்கு ஊர்கள். சிமிழை ஒரு பையில் போட்டுக் கழுத்தில் மாட்டி, சட்டைக்குள் விட்டுக்கொண்டு, என் பழைய ஸ்கூட்டரில் போவேன்.

இதற்கு வருவதற்கு முன் முப்பத்திரண்டு வருஷம் தாலுகா ஆபீஸில் இருந்தேன். அங்கே பழகிய எதுவும் என்னை விட்டுப் போகவில்லை. விண்ணப்பத்தில் கையெழுத்து கட்டத்தைத் தாண்டியிருந்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். “மோட்சத்து வாசல்ல நின்னுகிட்டுகூட மூணு ஜெராக்ஸ் கேப்பீங்க” என்பாள் என் மனைவி. அவள் கேலிக்குச் சொல்வதுதான், ஆனால் அதில் பொய் இல்லை.

நான் ஆபீஸை விட்டாலும் ஆபீஸ் என்னை விடவில்லை. ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகு ரோட்டில் எங்கே கண்டாலும் நிறுத்துவார்கள். பட்டா மாற வேண்டும், வாரிசுச் சான்று வேண்டும், முதியோர் பென்ஷன் நின்றுவிட்டது என்று ஏதாவது ஒன்று இருக்கும். டீக்கடை வரைக்கும் போய்வர ஒரு மணி நேரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை, சிமிழ் நெஞ்சில் இருக்கும்போது மட்டும் என்னை யாரும் நிறுத்த முடியாது. ஏனென்றால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நற்கருணையைக் கொண்டுபோகிறவன் வழியில் யாரோடும் பேசுவதில்லை. யாராவது கை காட்டினால் ஒரு கையை நெஞ்சில் வைத்துக் காட்டினால் போதும். அவர்கள் புரிந்துகொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, சிலுவை போட்டு ஒதுங்கி நிற்பார்கள். ஆயரின் மேற்றிராசனத்தில் நடந்த பயிற்சியில் இப்படி ஒன்றைச் சொல்லித்தரவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, நானும் பிடித்துக்கொண்டேன். பக்தி பாதி, நிம்மதி பாதி என்று சொல்லலாம். உண்மையைச் சொன்னால் நிம்மதிதான் அதிகம்.

நான் சொல்ல வந்தது ஒரு மனிதரைப் பற்றி. அவர் எங்கள் ஊர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மரவள்ளியும் மஞ்சளும் போடுகிற விவசாயி. மூன்றாம் வகுப்பைத் தாண்டியதில்லை. சுற்றுப்பட்டு ஊர்களில் யாராவது இழுத்துக்கொண்டு கிடந்தால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வரப்பிலிருந்து அப்படியே வந்து, கால் கழுவிக்கொண்டு, படுத்திருப்பவரின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்துவிடுவார். பழைய செபங்கள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். சர்வேசுரா, திவ்விய மாதாவே என்று அந்தக் காலத்துத் தமிழில், காதோரமாக, அவசரமே இல்லாமல் சொல்லிக்கொண்டிருப்பார். உயிர் போக இரண்டு நாள் ஆனாலும் இருப்பார். வயலில் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய முறை போனாலும் போகட்டும் என்று இருப்பார். யாரும் அவரை நியமிக்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற வருஷம் பங்குக்குப் புது ஃபாதர் வந்தார். சின்ன வயது, சுறுசுறுப்பு. தூய ஆவி ஒவ்வொருத்தருக்கும் ஒரு கொடை கொடுத்திருக்கிறார், அதை வீட்டுப் பெட்டியில் பூட்டி வைக்காமல் பங்குக்குக் கொடுங்கள் என்று பிரசங்கம் வைத்தார். அத்தோடு நிற்காமல், பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்த ஒவ்வொரு அன்பியத்துக்கும் சீட்டுகள் கொடுத்தார். உங்கள் கொடை எது, அதை வைத்துப் பங்குக்கு என்ன செய்வீர்கள் என்று எழுதித் தர வேண்டும். வந்த சீட்டுகளைப் பிரித்துப் பட்டியல் போடும் வேலையை என்னிடம் ஒப்படைத்தார். எனக்கு அல்வா கிடைத்த மாதிரி இருந்தது.

வீட்டு மேஜையில் சீட்டுகளைப் பரப்பிவைத்துப் பிரித்தேன். பாடகர் குழு, வாசகர், மறைக்கல்வி, பீட அலங்காரம், நோயாளர் சந்திப்பு, திருவிழா வேலை என்று ஆறு தலைப்புகள். ஒருத்தர், “எனக்குக் கொடை எதுவும் இல்லீங்க ஃபாதர், டிராக்டர் இருக்குது” என்று எழுதியிருந்தார். அவரைத் திருவிழாத் தேர் இழுக்க வைத்துக்கொண்டோம். என் சீட்டில் நான், “வாசிப்பு, நிர்வாகம்” என்று எழுதியிருந்தேன். அந்த விவசாயியின் சீட்டு அவர் மகளின் கையெழுத்தில் இருந்தது. “சாகக் கெடக்கறவங்க பக்கத்துல உக்காந்திருப்பேன்” என்று ஒரே ஒரு வரி.

அதை எந்தத் தலைப்பில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை என்று சொன்னால் அது பொய். தெரிந்துதான் இருந்தது. ஆனால் நோயாளர் சந்திப்புக்கு மூன்று நாள் பயிற்சிக்குப் போக வேண்டும், செபப் புத்தகத்தைத் தடுமாறாமல் வாசிக்க வேண்டும் என்று விதி. விதியை எழுதியதும் நான்தான். அவரால் எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடியும். அதனால் அவர் பெயரைத் திருவிழா வேலையில், பந்தல் கட்டுகிறவர்கள் வரிசையில் சேர்த்தேன். உழைத்த உடம்பு, பந்தல் கட்ட நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். கோவில் சுவரில் பட்டியலை ஒட்டியபோது நோயாளர் சந்திப்பில் என் பெயர் முதலில் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, பக்கத்து ஊரில் ஒரு கிழவர் கடைசி மூச்சில் இருப்பதாக எனக்குப் போன் வந்தது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு, வெள்ளைச் சால்வையைப் போட்டுக்கொண்டு போனேன். அங்கே அந்த விவசாயி ஏற்கனவே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர்கள் பழக்கதோஷத்தில் அவரையும் கூப்பிட்டிருந்தார்கள். கிழவரின் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு செபம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அண்ணா, கொஞ்சம் நவுந்துக்கங்க. இனிமே புத்தகம் வச்சு முறையாத்தான் படிக்கணும்னு ஃபாதர் சொல்லியிருக்காரு” என்றேன்.

ஃபாதர் அப்படிச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் என் வாயில் வந்தது. வீட்டில் இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சொல்லிக்கொண்டிருந்த செபத்தை முடித்தார், கிழவரின் கையைப் பாயில் வைத்தார், எழுந்து சுவரோரம் போய் நின்றார்.

“படிங்க தம்பி. பெரியவருக்குக் காது மந்தம். கொஞ்சம் கிட்டப் போய்ப் படிங்க” என்றார்.

நான் நின்ற இடத்திலிருந்தே படித்தேன். என் குரல் நல்ல குரல் என்று எல்லோரும் சொல்வார்கள். தெருவரைக்கும் கேட்டிருக்கும். படித்து முடித்துத் திரும்பிப் பார்த்தபோது அவர் அங்கே இல்லை.

அதற்குப் பிறகு நாலைந்து ஞாயிறு கோவிலில் அவரைப் பார்த்தேன். பின்னால், வாசல் பக்கம் நிற்பார். திருவிழாவுக்குப் பந்தல் கட்ட வந்தார், வேலையை முடித்துக் கொடுத்தார். அப்புறம் வருவதை நிறுத்திவிட்டார். மனைவி மட்டும் வருவார். பட்டியலைச் சரிபார்க்கிற சாக்கில் ஃபாதர் ஒரு தடவை, “அவர் ஏன் சார் இப்பல்லாம் வர்றதில்ல?” என்று கேட்டார். “கொஞ்சம் கோவக்காரருங்க ஃபாதர்” என்று சொன்னேன். அவர் கோபப்பட்டு நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஃபாதர் இரண்டு முறை வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டார். மரியாதையாக உட்கார வைத்து, வருகிறேன் என்று சொன்னாராம். வரவில்லை. ஆறு வருஷம் அப்படியே போனது. போன வருஷம் அவருக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் இரண்டு நாள் தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருகிறார் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

அந்த ஞாயிறு, சித்திரை மாதத்தின் கடைசியில் வந்தது. நல்ல வெயில். எனக்கு அன்றைக்கு ஒரே ஒரு வீடுதான். ரோட்டின் கடைசியில், மலை ஏறத் தொடங்குகிற இடத்தில், பக்கவாதத்தில் கிடந்த ஒரு ஆயா. வழியில்தான் அந்த விவசாயியின் வீடு. ரோட்டை ஒட்டிய மாட்டுக்கொட்டகை, அதற்குப் பின்னால் ஓட்டு வீடு. கொட்டகைக்கு முன்னால் அவர் மனைவி நிற்பதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். என் வண்டியைக் கண்டதும் ரோட்டுக்கு ஏறி வந்து கையை நீட்டி ஆட்டினார். வாய் ஏதோ சொல்லத் திறந்தது.

பென்ஷன் என்று நினைத்தேன். அந்த மாதம் எங்கள் பக்கத்தில் பாதிப்பேருக்குப் பென்ஷன் வரவில்லை. முந்தின நாள்கூட நான்கு பேர் நிறுத்தியிருந்தார்கள். இடது கையை எடுத்து நெஞ்சில் வைத்துக் காட்டினேன். வண்டியின் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. அவர் நீட்டிய கையை இறக்கிக்கொண்டார். கண்ணாடியில் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, முக்காட்டை இழுத்துப் போட்டு, சிலுவை போட்டுக்கொண்டு நின்றார். எவ்வளவு ஒழுக்கமான சனங்கள் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆயாவின் வீடு பூட்டியிருந்தது. முந்தின நாளே மகன் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சைகையாலேயே சொன்னார்கள். நற்கருணையைத் திரும்பக் கோவிலுக்கே கொண்டுவர வேண்டியதாயிற்று. வரும் வழியில் அந்த விவசாயியின் வீட்டைப் பார்த்தேன். கதவு சாத்தியிருந்தது. அப்போதும் என் நெஞ்சில் சிமிழ் இருந்ததால் நான் நிறுத்தவில்லை. கோவிலில் அதை ஒப்படைத்த பிறகு ஒரு நிமிஷம் அந்த அம்மாவின் ஞாபகம் வந்தது. சாயங்காலம் போய் என்னவென்று கேட்கலாம் என்று நினைத்தேன். வீட்டில் கறிக்குழம்பு. சாப்பிட்டுப் படுத்தவன் ஐந்து மணிக்குத்தான் எழுந்தேன். மறுநாள் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காகச் சேலம் போய்விட்டேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து அந்த அம்மா என்னிடம் வந்தார். குறை சொல்ல வரவில்லை. என் மனைவியின் கால் வலி எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார்.

“போன வாரம் கை காட்டுனீங்களே அக்கா, என்ன விசயம்?” என்றேன்.

“ஒண்ணுமில்லீங்க தம்பி. அவரு நன்மை வாங்கணும்னு சொன்னாரு. அதான்.”

எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் நற்கருணையை நன்மை என்றுதான் சொல்வார்கள். அங்கேயே ஃபாதரிடம் ஓடினேன். நடந்ததைச் சொன்னேன். அவர் சாப்பிடக்கூட இல்லை, உடனே பைக்கை எடுத்துக்கொண்டு போனார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

“இப்ப வேணாம், இன்னொரு நாளைக்குப் பாக்கலாங்க சாமின்னு சொல்லிட்டாரு” என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீங்க நின்னிருந்தாலும் அன்னைக்கு உடனே குடுத்திருக்க முடியாது சார். இத்தனை வருசம் கழிச்சு வர்றவரு, முதல்ல பாவத்தைச் சொல்லி ஒப்புரவு செய்யணும் இல்லையா?” என்றும் சொன்னார்.

விதிப்படி அது சரி. அந்த விதியைப் பிடித்துக்கொண்டு தப்பிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வண்டியை நிறுத்தியிருந்தால் ஃபாதருக்கு ஒரு போன் போட்டிருப்பேன். இருபது நிமிஷத்தில் வந்திருப்பார், பாவசங்கீர்த்தனம் கேட்டிருப்பார். ஆயாவுக்குக் கொடுக்க முடியாமல் நான் திரும்பக் கொண்டுபோன அதே நற்கருணை என் சட்டைக்குள் இருந்தது. அது அவர் வாசலை இரண்டு தடவை கடந்து போனது.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்த வீட்டில் நின்றேன். வண்டிச் சத்தம் கேட்டதும் அந்த அம்மா நாற்காலி எடுத்துப் போடுவார். அவர் கட்டிலில் எழுந்து உட்காருவார். கால் வீங்கி, முகம் உப்பி, ஆள் அடையாளமே மாறியிருந்தார். “வாங்க தம்பி, உக்காருங்க” என்பார். மழை பற்றிக் கேட்பார், மஞ்சள் விலை பற்றிக் கேட்பார். நான் சட்டைக்கு மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அங்கே மட்டும் நான் வழக்கத்தை உடைத்துப் பேசினேன். சில நாள், “அண்ணா, ஃபாதரை வரச் சொல்லட்டுங்களா?” என்று கேட்பேன். “பாக்கலாம் தம்பி” என்பார். ஒரு நாள், அந்தக் கிழவர் வீட்டில் நான் சொன்ன பொய்யை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று துணிந்து போனேன். அண்ணா என்று ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்த்தார். மாட்டுக்குத் தீவனம் எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டுவிட்டு வந்தேன். அறுபத்தைந்து வயதில் இவ்வளவு கோழையாக இருப்பேன் என்று நான் நினைத்ததில்லை.

ஒப்புரவில் ஃபாதரிடம் சொன்னேன். பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கிடைத்தது. வண்டியை நிறுத்தாதது பாவமே இல்லை, நற்கருணை மீது வைத்த மரியாதையால் செய்தது என்றார். பாவம் என்று சொல்லியிருந்தால் அதற்கும் மன்னிப்புக் கிடைத்திருக்கும். மூன்று பரலோக மந்திரம் சொல்லச் சொன்னார், சொன்னேன்.

எட்டு மாதம் கழித்து அந்த விவசாயி தருமபுரி ஆஸ்பத்திரியில் இறந்தார். ஃபாதர் போய் நெற்றியில் எண்ணெய் பூசியபோது அவருக்கு நினைவில்லை. உடம்பை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். சாவு வீட்டில் செபம் நடத்தப் பட்டியல்படி என் முறை. புத்தகத்தைப் பிரித்து நின்றேன். நான் வாயைத் திறப்பதற்குள் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் தாங்களாகவே ஒரு செபத்தைத் தொடங்கினார்கள். அவர் சாவு வீடுகளில் சொல்லிச் சொல்லி அவர்களுக்குப் பாடமாகியிருந்த பழைய செபம். நீளமான செபம். ஒரு வார்த்தை தவறாமல் சொன்னார்கள். எனக்கு அது தெரியாது. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஆமென் வருகிற இடத்தில் மட்டும் ஆமென் சொன்னேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு ஒரு சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போனேன். சாவுக்குப் போனதை விட்டால், சிமிழ் இல்லாமல் போனது அதுதான் முதல் தடவை. அந்த அம்மா கொட்டகையில் சாணி வாரிக்கொண்டிருந்தார். கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் நேராகவே கேட்டுவிட்டேன்.

“அக்கா, அன்னைக்கு நான் நிக்காம போனனே, அண்ணன் என்ன சொன்னாரு?”

அவர் சொல்லத் தயங்கினார். நான் விடவில்லை.

“மொத நாளே முடிவு பண்ணிட்டாருங்க தம்பி. விடிஞ்சதும் தானே சவரம் பண்ணிக்கிட்டாரு. வெள்ளை வேட்டிய எடுத்து வைக்கச் சொன்னாரு. அந்தக் காலத்து ஆளு இல்லீங்களா, நன்மை வாங்கறதுக்கு முன்னால பச்சைத் தண்ணிகூட குடிக்க மாட்டேனுட்டாரு. மேசையில துணி விரிச்சு, மெழுகுவத்தி வச்சேன். தம்பி இந்த வழியாத்தான் போவாரு, ரோட்டுல நின்னு சொல்லு, ஃபாதரையும் வரச் சொல்லச் சொல்லு, தம்பி குரல்ல செபம் படிச்சுக் கேக்கணும்னாரு.”

“அப்புறம்?” என்றேன்.

“வண்டிச் சத்தம் கேட்டதும் கட்டில்ல இருந்து இறங்கி முழங்கால் போட்டுட்டாருங்க. வீங்குன காலு. நான் உள்ள வந்தப்ப அப்பிடியேதான் இருந்தாரு. தம்பி ஆண்டவரைக் கொண்டுபோறாருங்க, அதான் நிக்கலன்னு சொன்னேன்.”

“அதுக்கு?”

“சரியாத்தான் செஞ்சிருக்காரு, நன்மை கொண்டுபோறப்ப பேசக்கூடாதுன்னு இந்த ஊருக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தானேன்னாரு. அந்தக் காலத்துல பெரிய சாமியாரு நன்மை கொண்டுபோறப்ப மணி அடிச்சுகிட்டு முன்னால போனவரு இவருதானுங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?”

எனக்குத் தெரியாது. அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“கொஞ்ச நேரம் அப்பிடியே இருந்தாரு. அப்புறம் கட்டில் காலைப் புடிச்சு எந்திரிச்சு, மெழுகுவத்திய அமத்திட்டு, டீ போடுன்னாருங்க.”